தம்பிரான் தோழரும் இல்லறமும்



திருக்கோயிலைப் புதுக்கிக் குடமுழுக்காட்டி மகிழும் இந்நன்னாளில், பொருளாலும் உழைப்பாலும் திருப்பணிக்குத் துணைநின்ற அடியார்கள் குடும்பத்தோடு கூடியிருக்கின்றார்கள். கோயிற் கதவு திறந்தாயிற்று. இல்லத்துக் கதவுகள் எவ்வாறிருக்கின்றன என்பதனையும் இவ்வேளையிற் சிறிது நோக்குதல் பொருந்தும். நட்பும் இல்வாழ்வும் ஒன்றற்கொன்று பகை என்னும் எண்ணம் பல வீடுகளிற் குடிகொண்டிருக்கின்றது. கணவனுடைய தோழர் வாயிலில் நின்று குரல் கொடுத்தாலே உள்ளிருக்கும் மனைவியின் முகம் வாடிவிடுகின்றது. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. நண்பன் செய்த பிழையை மறைப்பதே நட்பென்றும், அவன் வீட்டாரிடம் அவனுக்காகப் பொய் சொல்லுதலே உதவியென்றும் கருதும் தோழர்கள் எக்காலத்தும் உளர்.

தோழமையின் உண்மை இலக்கணத்தை அறிய விரும்புவோர் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். சிவபெருமான் தம்மையே தோழராகத் தந்தருளியமையால் தம்பிரான் தோழர் என்னும் திருப்பெயர் பெற்றவர் அவர். ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணம் 409 திருப்பாடல்களையுடையது. அவற்றுட் பெரும்பாலன நம்பிகளின் தோழமையையும் இல்லறத்தையுமே பேசுகின்றன. சேக்கிழார் பெருமான் காரணமின்றி இவ்வாறு அமைத்தாரல்லர்.

நம்பிகளின் இல்லத்துக்கு வேண்டிய பொருள்களைப் பெருமான் பலகாலும் அளித்தருளினார். திருப்புகலூரிற் செங்கல் பொன்னாயிற்று. குண்டையூர் நென்மலையைப் பூதகணங்கள் சுமந்து வந்து திருவாரூர் வீதிகளிற் குவித்தன. பரவையார் அந்நெல்லைத் தமக்கே சேர்த்துக்கொள்ளாமல், அவரவர் மனையெல்லையிற் கிடப்பதனை அவரவரே எடுத்துக்கொள்க என்று ஊரறியப் பறையறைவித்தார். பொருள் கொடுத்து உதவும் நண்பர் உலகிற் பலர். அதனை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. அரிய பகுதி திருவொற்றியூரிலே தொடங்குகின்றது.

அங்கே சங்கிலியாரை மணம்புரிய நம்பிகள் விழைந்தார். திருவாரூரிற் பரவையாரோடு வாழ்பவர் இவர் என்பதைச் சங்கிலியார் அறிந்திருந்தார். அதனைப் பெருமானிடம் நாணத்தோடு விண்ணப்பமும் செய்துகொண்டார். உன்னைப் பிரியேன் என்று அவன் சபதம் செய்து தருவான் என அருளிய பெருமான், நம்பிகளிடமும் அதனைத் தெரிவித்தார். பல தலங்களுக்கும் சென்று வழிபடும் தமக்கு இச்சபதம் தடையாகுமே என்று நம்பிகள் எண்ணினார். சபதம் செய்யத் திருமுன்பு வரும்போது தேவரீர் சந்நிதியை விட்டு மகிழமரத்தின்கீழ் எழுந்தருளியிருத்தல் வேண்டும் என்று தோழரிடம் உரிமையோடு கேட்டுக்கொண்டார். பெருமானும் இசைந்தார். இசைந்தவர் சங்கிலியார் கனவிலே தோன்றி, அவன் சந்நிதியிற் சபதம் செய்ய வரின் மகிழடியிற் செய்யுமாறு கேள் என்று அறிவுறுத்திவிட்டார்!

அன்பர்களே, இச்செய்தியைக் கேட்டு நகைத்துவிட்டுப் போதல் எளிது. சற்றே நின்று காணுதல் வேண்டும். தோழனுக்குக் கொடுத்த வாக்கின்படி பெருமான் மகிழடியிலேதான் எழுந்தருளியிருந்தார், அவ்வாக்குப் பொய்க்கவில்லை. ஆயினும் அத்தோழனை நம்பித் தன் வாழ்வை ஒப்படைக்கப் போகும் பெண்ணுக்கு எதிரான சூழ்ச்சிக்குத் தாம் கருவியாக ஒருப்படவில்லை. கணவனுக்கு நண்பனாயிருப்பவன் அவன் மனைவிக்கும் கடமைப்பட்டவன் என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டுதல் இயலுமோ? இன்றும் திருவொற்றியூரில் மாசிப் பெருவிழாவின்போது மகிழடிசேவை நிகழ்கின்றது. அதனைத் தரிசிக்கும் ஆடவர் இதனையும் நினைந்து தொழுவாராக.

வசந்தம் வந்தது. திருவாரூர் விழாவின் நினைவு மேலிட, நம்பிகள் சபதத்தை மறந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளியிழந்தன. தோழன் என்பதற்காகத் தண்டனை குறையவில்லை. ஆனால் தண்டித்தவர் கைவிட்டு நீங்கவும் இல்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் வந்தது. வலக்கண் பெறுதற்குத் திருவாரூர் வரை நடக்கவேண்டியிருந்தது. இடித்துரைக்கும் நண்பர் சிலர் உண்டு. இடித்துரைத்த பின்பு வழிநடக்கக் கோலும் கொடுப்பவர் மிகச் சிலரே.

திருவாரூரிலோ பரவையாரின் மாளிகைக் கதவு அடைத்துவிட்டது. இவர்கள் கயிலையிலிருந்து வந்தவர்கள், இவையெல்லாம் முன்னமே அமைந்தவை என்று கூறி, அவ்வம்மையாரின் சினத்தை விளையாட்டாகப் பேசுவோர் சிலர் உளர். அது சரியன்று. சேக்கிழார் அவருடைய நெஞ்சப் புண்ணை உண்மைப் புண்ணாகவே காட்டுகின்றார். நம்பிகளின் பரிவாரத்தார் வாயிலில் தடுக்கப்பெற்றனர். பின்பு உலகியல் வல்ல பெரியோர் சிலர் சென்று நயமாகப் பேசினர். மேலும் பேசினால் உயிர் நீப்பேன் என்றார் பரவையார். சொல்வன்மை அங்கே தோற்றது.

நள்ளிரவில் நம்பிகள் தோழரை நினைந்தார். பெருமான் அருச்சகர் வடிவு கொண்டு வீதியில் நடந்து சென்று, தாமே கதவைத் தட்டினார். பரவையார் இசையவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தார். நம்பிகள் கலங்கினார். பெருமான் மறுமுறையும் அவ்வீதியிலே நடந்தார். முன்பு வந்தவர் யாரென உணர்ந்து உறக்கமின்றி வருந்தியிருந்த பரவையார், இம்முறை பூதகணங்கள் சூழ வந்த பெருமானை எதிர்கொண்டு வணங்கினார். அடியவர் பொருட்டு இங்கும் அங்குமாகத் தேவரீர் இப்படி அலையும்போது, இசையாமல் வேறென் செய்வேன் என்னும் கருத்துப்பட விடை கூறினார்.

பரவையாரை இசைவித்தது வாதம் அன்று. நம்பிகள் குற்றமற்றவர் என்று யாரும் மெய்ப்பித்துவிடவில்லை. இருமுறை நடந்த திருவடிகளே இசைவித்தன. குடும்பப் பிணக்கைத் தீர்க்கப் போகின்றவர்கள் இக்காலத்தில் என்ன செய்கின்றார்கள்? கூடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, யார் மேற் குற்றம் என்று விசாரிக்கத் தொடங்குகின்றார்கள். பழைய கணக்குகள் எல்லாம் வெளிவருகின்றன. அம்மனை ஒருநாளில் ஒன்றுபடாவிடின், நாம் சொல்லியும் கேட்கவில்லையே என்று தம் மானத்தைப் பெரிதாக எண்ணி எழுந்து போய்விடுகின்றார்கள். பிறகு ஊரெல்லாம் அதே பேச்சு. மறுக்கப்பட்ட வாயிலுக்கு மீண்டும் ஒருமுறை செல்லுதற்கு எத்தனை பேருக்கு மனம் வருகின்றது?

ஆண்டவனைத் தூது போக்குவதா என்று கேட்போரும் உண்டு. அவ்வினாவை முதலிற் கேட்டவர் திருப்பெருமங்கலத்துக் கலிக்காமரே. கேட்டதோடு அமையாது நம்பிகள் மேற் கடுஞ்சினம் கொண்டார். பெருமான் அவருக்குச் சூலைநோய் தந்து, அதனைத் தீர்ப்பவன் சுந்தரனே என்றார். அவனால் தீர்வதிலும் இறத்தல் நன்றென, நம்பிகள் வருவதற்கு முன்பே கலிக்காமர் உடைவாளால் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். அவர் மனைவியார் மானக்கஞ்சாற நாயனாரின் மகளார். திருமணநாளிலேயே தந்தை தம் கூந்தலை அடியார்க்கு அரிந்து கொடுக்கக் கண்டவர். அவர் அழுகையை நிறுத்துவித்து, வாயிலை அலங்கரிக்கச் செய்து, விருந்தினரை எதிர்கொள்ளப் பணித்தார். உள்ளே அவர் உறங்குகின்றார் என்றனர் ஏவலர். கண்டேயாகவேண்டும் என்று உட்புகுந்த நம்பிகள், கண்டதும் அவ்வாளையே பற்றித் தாமும் உயிர்விடத் துணிந்தார். அந்நிலையிற் கலிக்காமர் திருவருளால் உயிர்பெற்றெழுந்து, பகைவர் என எண்ணியிருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் வணங்கினர். நண்பராகித் திருப்புன்கூர் சென்று வழிபட்டனர்.

இவற்றிற்கெல்லாம் பின்னர், கொடுங்கோளூரிலிருந்து சேரமான் பெருமாள் நம்பிகளைக் காண விரும்பித் திருவாரூருக்கு வந்தார். முன்பு அடைத்திருந்த அதே மாளிகை வாயிலில் பரவையார் விளக்கும் நிறைகுடமும் வைத்துக் கணவரின் தோழரை வரவேற்றார். உடன் வந்தோர் யாவர்க்கும் திருவமுது சமைப்பித்தார். என்னுடன் அமர்ந்து உண்க என்று நம்பிகள் அழைத்தபோது சேரர்பிரான் அஞ்சி வணங்கிப் பின்னரே இசைந்தார். முடிமன்னரும் வன்தொண்டரும் ஒருங்கிருக்க, பரவையார் தம் கையாலேயே அமுது படைத்தார்.

திருச்சிற்றம்பலம்.