கொரிய நாட்டிலே ஒரு பூரணை விடுமுறை



கொரியாவிலே சிலகாலம் கற்ற நாம் அங்கு கண்டவற்றைச் சொல்லவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கண்டவை பல. அவற்றுள் அறுவடைப் பெருநாள் விடுமுறையில் கியோங்ஜு என்னும் பழைய இராசதானிக்குச் சென்றுவந்ததை மாத்திரம் இன்று எடுத்துக்கொள்கின்றோம்.

அப்பெருநாளுக்குச் சூசொக் என்று பெயர். அவர்களின் எட்டாம் சந்திர மாதத்துப் பூரணையில் வருவது. 2024 ஆம் ஆண்டில் செப்ரெம்பர் 17 இல் வந்தது. முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளும், சனி ஞாயிறும் சேர ஐந்து நாள் ஓய்வு. நம்முடைய மகாளய பட்சமும் அவ்வாண்டு அந்தப் பூரணையை அடுத்தே தொடங்கியது என்பதைப் பஞ்சாங்கம் பார்க்கும் பெரியோர் அறிவர்.

விடுமுறை ஊர் பார்க்க உகந்த காலம் என்று எண்ணுவீர்கள். சூசொக் அப்படியன்று. பெரும்பாலோர் பெற்றோர் இருக்கும் ஊருக்குப் புறப்படுவதால் புகையிரதச் சீட்டுகள் முன்னரே விற்றுத் தீர்ந்துவிடும். நமக்கும், உடன் வந்த ஜெர்மானிய மாணவன் ஒருவனுக்கும், நின்றுகொண்டு செல்லும் சீட்டே கிடைத்தது. சியோலிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். சூழ நின்றோர் கைகளிலெல்லாம் பரிசுப் பெட்டிகள். பேரிக்காய் சிலவற்றில், வேறு சிலவற்றில், சொன்னால் நகைப்பீர்கள், தகரத்தில் அடைத்த பன்றியிறைச்சி! மரியாதைக்குரிய பரிசாக அதனைக் கொடுக்கின்றனர்.

பெருநாட் காலையில் கியோங்ஜுத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. உணவுச்சாலைகள் பல பூட்டியிருந்தன. வீடுகளினுள்ளே புத்தரிசிச் சோறும் கனிகளும் மதுவும் முன்னோர்க்குப் படைத்து வணங்குகின்றனர். பின்னர் குடும்பமாகச் சமாதிகளுக்குச் செல்கின்றனர். சமாதிமேல் வளர்ந்த புல்லைச் சில வாரம் முன்னரே வெட்டித் துப்புரவாக்கி வைத்திருப்பர். நம் தேர்த்திருவிழா வீதியிலே நடப்பது, வந்தவரெல்லாம் காணலாம். சூசொக்கோ கதவுக்கு உள்ளே நடப்பது. ஆகவே அந்நியராகிய நாம் பார்க்கக்கூடியது கல்லும் புல்லுந்தான்.

ஆயினும் அந்தக் கல்லும் புல்லும் இலேசானவை அல்ல. நகரின் நடுவே பச்சைக் குன்றுகள்போல் நிற்பவை சில்லா அரசர் காலத்துச் சமாதிகள். மிகப் பெரியது ஏறக்குறைய 120 மீற்றர் நீளமும் இருபது மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் உடையது. 1973 இல் அகழ்ந்த ஒன்றிலே பொன்முடி கிடைத்தது. அதனுள்ளே சென்றும் பார்க்கலாம். பெருநாளின் பிறப்பிடமும் இந்நாடே என்பர். யூரி என்னும் மன்னன் பெண்களை இரு அணியாக்கி, இப்பூரணை வரை ஒரு மாதம் துணி நெய்யச் செய்தான் என்றும், தோற்ற அணி வென்ற அணிக்கு விருந்திட்டது என்றும் 1145 இல் முடிந்த அவர்கள் சரித்திர நூல் கூறுகின்றது.

அங்கிருந்து பஸ்ஸில் புல்குக்சா என்னும் பௌத்த ஆலயத்துக்குச் சென்றோம். அதன் கதையைக் கேளுங்கள். தெசொங் என்னும் ஏழைச் சிறுவன் ஒரு துறவியின் உபதேசத்தைக் கேட்டு, தங்களுக்கிருந்த சிறு நிலத்தைத் தானம் செய்வோம் என்று தாயிடம் வேண்டினான். கொடுத்தார்கள். சில நாளில் அவன் இறந்தான். அதே இரவு, அச்சிறுவன் உன் வீட்டில் பிறப்பான் என்று ஓர் அமைச்சர் இல்லத்தின்மேல் அசரீரி கேட்டது. பிறந்த குழந்தை ஏழு நாள் கையை மூடியே வைத்திருந்தது. விரித்தபோது தெசொங் என்று எழுதிய பொற்றகடு உள்ளே இருந்தது! அவன் முற்பிறப்பின் தாயையும் அழைத்துவந்து வைத்துப் பேணினான். வளர்ந்தபின் இப்பிறப்பின் பெற்றோர்க்காகப் புல்குக்சாவையும், முற்பிறப்பின் பெற்றோர்க்காக மலைமேல் சொக்குராம் குகைக்கோயிலையும் எழுப்பினான். தொடங்கியது 751 இல். இக்கதையை இச்சபைக்கு விளக்கவேண்டியதில்லை. ஜெர்மானிய நண்பனுக்கோ அரைமணி நேரம் விளக்கவேண்டியிருந்தது.

1593 இல் ஜப்பானியப் படையெடுப்பில் புல்குக்சாவின் மரக் கட்டடங்கள் எரிந்தன. 1969 முதல் 1973 வரை பலவற்றைத் திரும்ப அமைத்தனர். கற்படிகளும் இரு கற்கோபுரங்களும் பழையவை. படிக்கட்டருகே சிங்களம் காதில் விழுந்தது. தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் நாட்டவர். அவர்களுக்கும் இது அரிய விடுமுறை.

சொக்குராமிலே கிழக்கு நோக்கிக் கருங்கற் புத்தர் வீற்றிருக்கிறார். சுற்றுச் சுவரிலே பிரமாவும் இந்திரனும் உளர். கண்ணாடிக்கு இப்பால் நிறுத்திவிட்டதால், அவ்விருவரையும் படப்புத்தகத்திலேயே நன்கு கண்டோம்.

மாலையில் விடுதி அம்மையார் சொங்பியொன் கொணர்ந்தார். அரிசிமாவில் எள்ளும் பயறும் வைத்து, பிறைபோல் மடித்து, பைன் மரத்து இலைமேல் அவிப்பது. நம் ஆடிப்பிறப்புக் கொழுக்கட்டையேதான்! அவர் மருமகள் முதல்நாள் முழுதும் எண்ணெய்ச் சட்டிமுன் நின்றவர். உட்காரவும் இயலாமற் களைத்திருந்தார். பொரித்த பண்டம் வேண்டியதில்லை, ஒன்பது வகை போதும் என்று 2022 இல் கன்பூசிய ஆசாரத்தைக் காக்கும் பெரியோர் சபையே அறிவித்ததே என்று நாம் கேட்டோம். சடங்கைச் சுருக்க முன்வந்தவர் வாலிபர் அல்லர், முதியோர் என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் திவசத்தன்று அடுப்படியில் நிற்பவர் யாரென்று நாம் சொல்லவேண்டியதில்லை.

அம்மையார் சுவரிலிருந்த மாமியாரின் படத்தைக் காட்டி, "அந்த அறிவித்தலை இவருக்கு யார் வாசித்துக் காட்டுவது?" என்றார். மருமகள் சிரித்தாள். "என் படத்துக்கு ஒன்பது போதும்," என்று அம்மையார் அவளிடம் சொன்னார்.

பிறகு வழிக்கு வேண்டும் என்று சொங்பியொனைப் பொதிசெய்தார். நமக்கு எட்டு. ஜெர்மானியனுக்குப் பன்னிரண்டு, அவன் மெலிந்தவனாம்.