உதவித்தொகை: உரிமையும் பொறுப்பும்

(மேல்நிலைப் பள்ளி இறுதியாண்டு மாணவ மாணவியரிடையே கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



1913ஆம் ஆண்டில் இளைஞர் ஒருவர் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் வழங்கிய உதவித்தொகையைப் பெற்று நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவரே பிற்காலத்தில் நம் அரசியலமைப்பை வரைந்த குழுவிற்குத் தலைமை ஏற்ற டாக்டர் அம்பேத்கர். உதவித்தொகை என்பது இரந்து பெறும் பொருளன்று. தன் வருங்காலத்தின்பொருட்டுச் சமுதாயம் இடும் முதலீடு. இதனை முதலில் மனத்தில் இருத்துங்கள்.

இன்று மன்னர்களின் தயவை எதிர்பார்க்க வேண்டிய நிலை இல்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கு, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்பிற்கான உதவித்தொகைத் திட்டம் 1944இலேயே தொடங்கப்பட்டது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 2.5 இலட்சத்திற்கு மேற்படாதோர் இதற்குத் தகுதியுடையர். பல மாநிலங்களில் இதற்கு மாநில அரசின் இணையதளத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டும்.

எல்லாப் பிரிவினருக்கும் உரியது மத்திய அரசின் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர் உதவித்தொகைத் திட்டம். ஆண்டுதோறும் புதிதாக 82,000 பேருக்கு இது ஒதுக்கப்பட்டுள்ளது; அதில் பாதி மாணவியருக்கு உரியது. பட்டப்படிப்பின் முதல் மூன்றாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு ரூ. 12,000 கிடைக்கும். குடும்ப வருமானம் ரூ. 4.5 இலட்சத்திற்குள் இருக்க வேண்டும். இதற்கான மதிப்பெண் தகுதியைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகின்றனர். நூற்றுக்கு எண்பது மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. உங்கள் தேர்வு வாரியத்தில், உங்கள் பாடப்பிரிவில், வரிசைப்படி நூற்றுக்கு எண்பது பேரைவிட மேலான இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும் என்பதே பொருள். வேறொரு உதவித்தொகை பெறுவோர் இதனையும் சேர்த்துப் பெற இயலாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

2015இல் தொடங்கப்பட்ட தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இத்தகைய பல திட்டங்கள் ஒரே இடத்தில் உள்ளன. அங்கு விண்ணப்பிக்கக் கட்டணம் ஏதும் இல்லை. உதவித்தொகை வாங்கித் தருவதாகக் கூறி எவரேனும் பணம் கேட்டால், விலகி நில்லுங்கள்.

இனி, என் நெஞ்சை இன்றளவும் உறுத்தும் நிகழ்ச்சி ஒன்றைக் கூற விரும்புகிறேன். நான் பணியாற்றிய கல்லூரியொன்றில் கொத்தனார் ஒருவரின் மகள் பயின்று வந்தாள். நல்ல மதிப்பெண், தகுதியான வருமானம், உரிய நாளுக்குள் விண்ணப்பமும் அளித்துவிட்டாள். ஆனால் வருமானச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஒரு விதமாகவும், விண்ணப்பத்தில் வேறு விதமாகவும் இருந்தது. கல்லூரியில் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவர்களுள் நானும் ஒருவன். திருத்தம் கோரித் திருப்பி அனுப்பினோம். அந்தச் செய்தி அவளுக்குப் போய்ச் சேரவில்லை. விண்ணப்பத்தை நிரப்பித் தந்த கணினி மையத்தார் தம்முடைய கைபேசி எண்ணையே அதில் பதிந்திருந்தார். அவள் விசாரிக்க வந்தபோது கடைசி நாள் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு அவள் கல்லூரிக்கு வரவில்லை. வகுப்பறைக்குச் சென்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், நான் சொல்லவில்லை.

எனவே மாணவர்களே, தேர்வு முடிவு வரும்வரை காத்திராதீர்கள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இப்போதே மனுச் செய்யுங்கள். மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகிய அனைத்திலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். வங்கிக் கணக்கு இருத்தல் மட்டும் போதாது. அது ஆதார் எண்ணுடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கைபேசி எண்ணையே பதியுங்கள். விண்ணப்பத்தை அனுப்பியதுடன் வேலை முடிந்ததெனக் கருதாதீர்கள். முதலில் கல்லூரியும், பின்னர் மேல்நிலை அலுவலர்களும் அதனைச் சரிபார்த்தாக வேண்டும். அதுவரை வாரம் ஒருமுறையேனும் அதன் நிலையைப் பாருங்கள். கிடைத்த உதவியை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்; மேற்கூறிய மத்திய அரசுத் திட்டத்தில் அதற்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் தேவை.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு விண்ணப்பத்தின் பின்னும் ஒரு பிள்ளை நிற்கிறது. குறையைக் கணினியில் குறிப்பதோடு நில்லாமல், அப்பிள்ளையை அழைத்து நேரில் சொல்லுங்கள். அரசு ஒதுக்கும் நிதி உரியவர் கையைச் சேர்வதற்கு நாம் செய்யக்கூடிய மிக எளிய தொண்டு அதுவே.