கூரை விளக்கும் மூன்று கம்பிகளும்

அபிராமபுரத்தின் பழைய வீடுகளில் கூரை விளக்கைக் கழற்றிப் புதிய எல்இடி விளக்கைப் பொருத்த முனைவோர், ஸ்விட்சை அணைத்தாலே போதும் என்று நம்புவது ஆபத்தானது. 230 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பி ஃபேஸ் எனவும், அது திரும்பும் வழி நியூட்ரல் எனவும், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குவது எர்த் எனவும் வழங்கப்படுகின்றன. ஸ்விட்ச் ஃபேஸில் அமையாமல் தவறுதலாக நியூட்ரலில் அமைந்திருந்தால், விளக்கு அணைந்த பின்னும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது நெடுநாள் வழக்கமெனினும், கைக்குக் கிடைத்த ஒயரைக் கொண்டு இணைத்தவர்களும் உண்டாதலால், நிறத்தை மட்டும் நம்பலாகாது. மின்சாரம் உள்ள பிளக்கில் டெஸ்டரைச் சோதித்து, மெயின் ஸ்விட்சை அணைத்து, ஒவ்வொரு கம்பியையும் அந்த டெஸ்டரால் தொட்டுப் பார்த்து, மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுங்கள்.