தேவியின் சினம்



2020-ஆம் ஆண்டில் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ தொடரின் நாயகி தேவி, கலிபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண். பொய்யுரைப்பாள், தோழியரைப் புறக்கணிப்பாள், சினத்தில் அன்னையின் நெஞ்சைச் சுடுவாள். ஆயினும் 2023 வரை நான்கு பருவங்கள் இளைஞர் அவளை விரும்பிக் கண்டனர். காரணம் என்ன?

பள்ளி இசை நிகழ்ச்சியில் தான் வாசித்துக்கொண்டிருக்கையிலேயே தந்தை மாரடைப்பால் வீழ்ந்ததைக் கண்டவள் அவள். அழாத துயரமே சினமாயிற்று. தொடர் அவள் பிழையை மறைக்கவுமில்லை; அவளை வெறுத்தொதுக்கவுமில்லை.

என் வகுப்பில் எதிர்த்துப் பேசிய ஒரு சிறுமியை நாள் முழுதும் வெளியே நிறுத்தினேன். அவள் தந்தையை இழந்த செய்தியை மறுநாளே அறிந்தேன். “என்னம்மா நடந்தது?” என்று நான் கேட்கத் தவறினேன். நீங்கள் கேளுங்கள்.