உடைந்த பல்லும் ஒரு கணக்கும்

என் பழைய இங்கிலீஷ் லேத்தில் மரை வெட்டும் கியர் ஒன்றின் பல் உடைந்தது. "எடைக்குப் போட்டுடுங்க சார்" என்றார்கள். மனசு வரவில்லை.

பற்களை எண்ணினேன், உடைந்ததையும் சேர்த்து 40. வெளிவிட்டம் 53.3 மில்லிமீட்டர். பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, 42ஆல் வகுத்தால் 1.27. கடைக்காரர் காட்டியது 1.25 மாட்யூல் கியர். பார்வைக்கு அதேதான், ஆனால் சரியாகப் பொருந்தாது, தேய்ந்துவிடும். 1.27 என்பது அங்குலக் கணக்கில் 20 டி.பி. வங்கியில் பத்துப் பைசா இடித்தாலும் விடாத பழக்கம் கைகொடுத்தது.

வார்ப்பிரும்பு வட்டை அதே லேத்தில் கடைந்தேன். அதற்கு அந்தக் கியர் தேவையில்லை. டிவைடிங் ஹெட் கைப்பிடி 40 சுற்றினால் வட்டு ஒரு சுற்று. ஆக, பல்லுக்கு ஒரு சுற்று.

லேத் ஓடுகிறது. நீங்களும் எடைக்குப் போடுமுன் ஒருமுறை அளந்து பாருங்கள். சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட கீழ்வீட்டாருக்கு நன்றி.