நாம் வாழும் மாநிலத்தின் அரசியலமைப்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இசைக்கும் நாடகத்துக்கும் நடுவே சட்டத்தைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்துள்ளனர். பாட்டுக் கச்சேரிக்காகக் காத்திருக்கும் அவையில் சட்டம் பேசத் துணிவது எளிதன்று. எனினும், ஈஜிபுராவில் வீடெடுத்து வாழும் நாம், நம்மை ஆளும் மாநிலம் எவ்விதிகளின்மேல் எழுந்து நிற்கிறது என்பதை ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். நம் பிள்ளைகளின் தமிழ்க் கல்வி அவ்விதிகளுள் சிலவற்றைப் பற்றிக்கொண்டே நிற்கிறது.

முதற்கண் ஓர் ஐயத்தைக் களைவோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாநிலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அரசியலமைப்பு உண்டு. நம் நாட்டில் அவ்வாறில்லை. தனக்கென அரசியலமைப்பு வகுத்துக்கொண்ட மாநிலம் ஜம்மு-காஷ்மீர் ஒன்றே. 1957 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருந்த அது 2019-இல் முடிவுற்றது. ஏனைய மாநிலங்களின் அமைப்பெல்லாம் இந்திய அரசியலமைப்பின் ஆறாம் பகுதியில், 152 முதல் 237 வரையுள்ள பிரிவுகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஆயினும் மைசூருக்கெனத் தனி அரசியலமைப்பு ஒன்று உருவாகும் நிலைமை ஒரு காலத்தில் இருந்தது. அக்கதை சுவையானது; அதில் தமிழர்க்கும் பங்குண்டு.

ஐம்பது ஆண்டுகள் ஆங்கிலேயர் கையிலிருந்த மைசூர் ஆட்சி 1881 மார்ச் 25-ஆம் நாள் அரச குடும்பத்திடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. பத்தாம் சாமராஜேந்திர உடையார் அரியணை ஏறினார். திவானாக அமர்ந்தவர் செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த சி. வி. ரங்காசார்லு. பதவியேற்ற ஆறு மாதத்துக்குள் அவர் செய்த காரியம் இந்திய வரலாற்றில் புதுமையானது. 1881 ஆகஸ்டு 25-இல் ஓர் ஆணை பிறந்தது. அவ்வாண்டு அக்டோபர் 7-இல் தசரா விழாவையொட்டி மைசூரில் பிரதிநிதி சபை கூடியது. உறுப்பினர் 144 பேர்; நிலமுடைய குடியானவரும் வணிகரும் அவருள் இருந்தனர். காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே நடந்த செய்தி இது.

அச்சபைக்கு என்ன அதிகாரம் இருந்தது? ஒன்றுமில்லை என்று கூறிவிடலாம். திவான் ஆண்டறிக்கையைப் படிப்பார், உறுப்பினர் குறைகளை எடுத்துரைப்பர், கலைவர். வாக்கெடுப்புக் கிடையாது, வரவுசெலவின்மேல் உரிமை கிடையாது. வெறும் தசரா வேடிக்கை என்று அதனை எள்ளினாரும் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. தாலுகாவிலிருந்து வந்த ஒரு குடியானவன், அரசின் தலைமை அமைச்சர் முன் எழுந்து நின்று தன் ஊர் ஏரியின் கரை உடைந்ததைச் சொல்லலாம் என்னும் வழக்கம் ஒரு முறை ஏற்பட்டுவிட்டால், அதனைத் திரும்பப் பறிப்பது கடினம். ரங்காசார்லு 1883-இல் காலமானார். அவருக்குப்பின் திவானாகிய பாலக்காட்டுக் கே. சேஷாத்திரி ஐயர் காலத்தில், 1891-இல், அச்சபைக்குத் தேர்தல் முறை வந்தது. 1907-இல் சட்ட மேலவை ஏற்பட்டது. பின்னர் பிரஜேந்திரநாத் சீல் தலைமையிலான குழுவின் ஆலோசனையை ஒட்டி, 1923-இல் இரு சபைகளுக்கும் சட்டப்படியான நிலை கிடைத்தது. 1940-ஆம் ஆண்டின் மைசூர் அரசாங்கச் சட்டம் பிரதிநிதி சபையை 310 உறுப்பினராகவும் மேலவையை 68 உறுப்பினராகவும் விரித்தது. இவ்வளவு வளர்ந்தும் திவான் மகாராஜாவுக்கே பொறுப்புடையவராக இருந்தாரேயன்றி மக்களின் சபைக்கு அல்லர்.

இங்கே நம்மவர் பலர் அறியாத ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அல்சூர், சிவாஜி நகர், ஆஸ்டின் டவுன் முதலிய கன்டோன்மென்ட்டுப் பகுதிகளில்தான் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் மிகுதியாகக் குடியேறினர். பட்டாளத்துக்குப் பண்டம் விற்றவரும், கட்டடம் எழுப்பியவரும், எழுத்தர் வேலை பார்த்தவரும் அவருள் அடங்குவர். ஆனால் 1881-இல் மைசூரை ஒப்படைத்த ஆங்கிலேயர் கன்டோன்மென்ட்டைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். அது ரெசிடென்டின் ஆட்சிக்கு உட்பட்டது. அதற்கு நகராட்சியும் வேறு. ஆகவே ஒரு தமிழர் நிறுவிய பிரதிநிதி சபை பெங்களூர்த் தமிழருள் பெரும்பாலோர் வாழ்ந்த பகுதியை எட்டவில்லை. 1947 ஜூலை 26-இல், நாடு விடுதலை பெறுவதற்கு மூன்று வாரம் முன்னர்தான், அப்பகுதி மைசூருடன் சேர்ந்தது. இரு நகராட்சிகளும் 1949-இல் ஒரே மாநகராட்சியாயின.

விடுதலைக்குப் பின் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. பொறுப்பாட்சி கோரி 1947 செப்டம்பரில் எழுந்த ‘மைசூர் சலோ’ கிளர்ச்சியின் பயனாக, அக்டோபரில் கே. செங்கலராய ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை பதவியேற்றது. ஆர்க்காடு இராமசாமி முதலியார் அப்போது திவான். அவரே மைசூரின் கடைசித் திவானும் ஆவார். மைசூருக்கென ஓர் அரசியல் நிர்ணய சபை அமைந்தது. தனி அரசியலமைப்பு ஒன்றை வகுப்பது அதன் பணி. சமஸ்தானங்களுக்கென மாதிரி அரசியலமைப்பு ஒன்றும் டில்லியில் வரையப்பட்டது. எனினும், 1949 மே மாதத்தில் சமஸ்தானங்களின் முதலமைச்சர்கள் டில்லியில் கூடி, நாட்டுக்கு ஒரே அரசியலமைப்புப் போதும், அதிலேயே சமஸ்தானங்களும் அடங்கட்டும் என்று முடிவு செய்தனர். மைசூர் நிர்ணய சபை அதனை ஏற்றது. 1949 நவம்பர் 25-ஆம் நாள் மகாராஜா ஜயசாமராஜ உடையார், இந்திய அரசியலமைப்பே மைசூரின் அரசியலமைப்பாகும் என்று பிரகடனம் செய்தார். மறுநாள் டில்லியில் அவ்வரசியலமைப்பு நிறைவேறியது. அதனை வரைந்த குழுவில் மைசூரின் முன்னாள் திவான் என். மாதவராவ் ஓர் உறுப்பினர் என்பதையும் நினைவிற்கொள்க.

1950 முதல் மைசூர் ‘பி’ வகுப்பு மாநிலம். ஆளுநருக்குப் பதிலாக மகாராஜாவே ராஜப்பிரமுகர். அவ்வகுப்பு மாநிலங்களுள் மைசூருக்கு மட்டுமே இரண்டு சபைகள் அளிக்கப்பட்டன. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது அவ்வகுப்புகளும் ராஜப்பிரமுகர் பதவியும் ஒருங்கே மறைந்தன. மைசூருடன் குடகும், பம்பாய், ஐதராபாத், சென்னை மாநிலங்களின் கன்னடப் பகுதிகளும் சேர்ந்தன. கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் தாலுகாவும் அப்போதே இப்பக்கம் வந்தது. முன்னாள் மகாராஜா புதிய மாநிலத்தின் ஆளுநரானார்; 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்துக்கும் ஆளுநராக இருந்தார். மாநிலம் கர்நாடகம் என்னும் பெயர் பெற்றது 1973 நவம்பர் 1-இல்.

இனி அமைப்பு. ஆளுநர், முதலமைச்சர், அமைச்சரவை, உயர்நீதிமன்றம் ஆகியவற்றைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர். அவற்றில் காலம் போக்கேன். சட்டசபைக்கு 224 பேரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கின்றனர். மேலவையில் 75 பேர்: சட்டசபையார் தேர்ந்தெடுப்போர் 25, உள்ளாட்சி மன்றத்தார் தேர்ந்தெடுப்போர் 25, பட்டதாரிகள் அனுப்புவோர் 7, ஆசிரியர்கள் அனுப்புவோர் 7, ஆளுநர் நியமிப்போர் 11. நம் தாயகத்தில் மேலவை 1986-இல் ஒழிந்தமையால், இங்குள்ள மேலவை நம் இளைஞர்க்குப் புதுமையாகத் தோன்றும். பண மசோதாவை அது பதினான்கு நாட்களுக்குமேல் நிறுத்தி வைக்க இயலாது. பிற மசோதாக்களையும் தாமதப்படுத்தலாமேயன்றித் தடுக்க முடியாது. இங்கே குடியிருந்து வாக்காளர் பட்டியலில் பெயருள்ள பட்டதாரிகள், பட்டதாரித் தொகுதிக்கெனத் தனியே மனுச் செய்தால்தான் அவ்வாக்குக் கிடைக்கும். நம் குடியிருப்பில் பட்டம் பெற்றோர் எத்தனை பேர்! அவருள் எத்தனை பேர் அம்மனுவைச் செய்துள்ளனர் என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கட்டும்.

மாநகராட்சியைப் பற்றி ஒரு சொல். நகராட்சி மன்றத்தின் காலம் முடிவதற்கு முன்பே தேர்தல் நடத்தல் வேண்டும் என்று 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆம் திருத்தம் கூறுகிறது. பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் அம்மன்றத்துக்குத் தேர்தலே நடவாமல், 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. சாக்கடை அடைத்துக்கொண்டால் சென்று முறையிடுவதற்கு வார்டு உறுப்பினர் இன்றி ஐந்து ஆண்டுகள் கழிந்தன. ஏட்டில் எழுதிய விதிக்கும் தெருவுக்கும் உள்ள தொலைவு இது.

மொழிக்கு வருவோம். மாநிலங்களை மொழிவழிப் பிரித்தால் ஒவ்வொரு மாநிலத்திலும் பிறமொழியினர் சிறுபான்மையினராகி நிற்பர் என்பதைப் பசல் அலி ஆணையம் 1955-இல் அளித்த அறிக்கையில் விரிவாக ஆராய்ந்தது. அதன் விளைவாக 1956-இன் ஏழாம் திருத்தத்தில் 350-ஏ, 350-பி என்னும் இரு பிரிவுகள் சேர்ந்தன. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலம் முயலவேண்டும் என்பது முன்னது. அவர்தம் காப்புரிமைகளைக் கண்காணிக்கத் தனி அதிகாரியை நியமிப்பது பின்னது. ‘முயலவேண்டும்’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். கட்டாயம் செய்க என்று சட்டம் கூறவில்லை. அந்த அதிகாரியும் அறிக்கை எழுதுவாரேயன்றி ஆணையிட மாட்டார். நான் இவ்விரு பிரிவுகளையும் மெலிந்தவை என்றே மதிப்பிடுகிறேன்.

வலுவுள்ளது எது? மொழியையும் எழுத்தையும் காத்துக்கொள்ளும் உரிமை தரும் 29-ஆம் பிரிவும், சிறுபான்மையினர் பள்ளி நிறுவும் உரிமை தரும் 30-ஆம் பிரிவும் அடிப்படை உரிமைகள். அவற்றுக்காக நீதிமன்றம் ஏறலாம். கன்னடம் ஒன்றையே முதன்மொழியாகப் பயில வேண்டும் என்ற அரசாணை 1989-இல் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2014 மே 6-இல் உச்சநீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம், குழந்தையின் தாய்மொழி எதுவென்று முடிவு செய்பவர் பெற்றோரே. அம்மொழியில்தான் கற்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்த இயலாது எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்து வென்றவை ஆங்கிலப் பள்ளிகள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழுக்காக எவரும் தொடுத்த வழக்கன்று அது.

1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி இங்கு ஆட்சிமொழி கன்னடம். 2015-இன் சட்டப்படி பள்ளிப் பிள்ளைகள் கன்னடத்தை முதன்மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்றாக வேண்டும். இது நியாயமே. உண்ணும் சோறும் குடிக்கும் நீரும் இம்மண்ணுடையவை. இம்மண்ணின் மொழியை நம் பிள்ளைகள் பிழையறக் கற்பதே முறை. கன்னடம் கற்பதற்குத் தமிழைக் கைவிட வேண்டுமென்று எந்தச் சட்டமும் கூறவில்லை. நம் வீடுகளில் தமிழின் இடத்தைப் பிடித்துக்கொண்டது கன்னடம் அன்று. எது என்பதை யாவரும் அறிவீர்கள்.

இறுதியாக, நடைமுறைக்கு உதவும் இரண்டு செய்திகள். மாநில அரசுக்கோ நடுவண் அரசுக்கோ குறைதீர்க்கும் முறையீட்டை, அம்மாநிலத்தில் அல்லது ஒன்றியத்தில் வழங்கும் எம்மொழியிலும் எழுதலாம் என்று 350-ஆம் பிரிவு கூறுகிறது. தமிழில் முறையீடு எழுதுவோர் அப்பிரிவின் எண்ணைத் தாளின் தலைப்பில் குறிப்பிடுதல் நலம். மற்றொன்று, 1949 ஆகஸ்டில் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் வகுத்த கணக்கு. ஒரு தொடக்கப் பள்ளியில் 40 பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ ஒரு மொழியினராக இருந்தால், அம்மொழியில் கற்பிக்க ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்பது அது. அக்கணக்கையே பின்னாளில் நடுவண் அரசும் ஏற்றுக்கொண்டது. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு மட்டும் பெற்றோருடையது. பள்ளிச் சேர்க்கைக்கு முன்னர், ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள நம் குழந்தைகளின் பட்டியலைச் சங்கம் தொகுக்கவிருக்கிறது. அதற்கான தாள்களை வாயிலருகே மேசைமேல் வைத்துள்ளனர். கச்சேரி முடிந்து புறப்படுமுன் குழந்தையின் பெயர், வயது, படிக்கும் வகுப்பு ஆகிய மூன்றையும் எழுதிச் செயலாளரிடம் கொடுத்துச் செல்லுமாறு தாய்மார்களை வேண்டுகிறேன்.