தோட்டத்துக்கு வரும் முள்ளெலி



பாளையங்கோட்டையின் புறநகரில், முன்னர்த் தரிசாய்க் கிடந்த நிலத்தில் கட்டப்பெற்றது என் வீடு. ஓய்வு பெற்றபின் நான் வளர்த்த தோட்டத்திற்கு, அந்தி மயங்கியதும் விருந்தாளி ஒருவர் வருவதுண்டு. விருந்தாளி என்றேனே தவிர, அந்நிலத்தில் முன்னுரிமை உடையவர் அவர்தாம், வந்தேறி நான். அவர் பெயர் முள்ளெலி.

பெயரைக் கேட்டு ஏமாறலாகாது. இது எலியினம் அன்று. முள்ளம்பன்றியின் குட்டியும் அன்று. மூஞ்சூற்றுக்கு உறவான பூச்சியுண்ணி. தென்னிந்தியாவின் வறண்ட பகுதிகளிலன்றி வேறெங்கும் இயற்கையாய் வாழாத இவ்வினத்திற்கு, 1851-ஆம் ஆண்டில் ஹார்ஸ்ஃபீல்டு என்பார் 'வெறும் வயிறுடையது' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். முதுகெல்லாம் முள், வயிற்றிலோ மயிர் அருகியே காணப்படும். ஆபத்தென்று கண்டால், தோலுக்கடியிலுள்ள தசை சுருக்குப்பையின் கயிறுபோல் இழுபட, முகமும் காலும் உள்ளடங்கிப் பந்தாகிவிடும். நாய்க்கு எதிரே இது நல்ல உபாயம். லாரிக்கு எதிரே? ஓடித் தப்ப வேண்டிய நேரத்தில் சாலை நடுவே சுருண்டு கிடந்து மடிகிறது.

உதவப் புகுந்து நான் இழைத்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதலாண்டு ஒரு கிண்ணத்தில் பசும்பால் வைத்தேன். ஆவலோடு குடித்தது. மறுநாள் செடியடியில் நீராய்க் கழிந்திருந்தது, பிராணியோ தள்ளாடிற்று. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் அதற்கில்லை என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். 35 ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன், ஒன்றும் கேட்டறியாமல் பால் வார்த்தேன்! அன்று முதல் தாழ்ந்த தட்டில் தண்ணீர் மட்டுமே. வண்டையும் கறையானையும் தேடிக்கொள்ள அதற்குத் தெரியும்; பூச்சிமருந்து தெளிப்பதை நான் நிறுத்தியதே பேருதவி.

இதனினும் கடிய சோதனை சென்ற ஆண்டு வந்தது. அண்டை வீட்டு மூதாட்டி, பேரக் குழந்தையைத் தோளிலிட்டு வந்து நின்றார். குழந்தைக்குக் கக்குவான் இருமல்.

"ஐயா, உங்க தோட்டத்துக்கு வருதே, அந்த முள்ளெலியைப் பிடிச்சுக் கொடுங்க. முள்ளைச் சுட்டுக் கொடுத்தா இருமல் நின்னுரும்" என்றார்.

தென்மாவட்டங்களில் இப்பழக்கம் நெடுங்காலமாய் உண்டு. அதன்பொருட்டே கொல்லப்படுவனவும் உண்டு. முள்ளென்பது நம் நகத்துக்கும் மயிருக்கும் உரிய பொருளால் ஆனது. கக்குவானோ நுண்ணுயிரால் வருவது. ஆயின், இருமி இருமி முகம் நீலம் பாரித்த குழந்தையின் முன்னே விரிவுரை எதற்கு? ஆட்டோவை அழைத்தேன், மூவரும் மருத்துவமனைக்குச் சென்றோம். 11 நாள் அங்கிருந்து குழந்தை மீண்டது. தடுப்பூசியின் தவணை ஒன்று தவறிப்போயிருந்தது அங்கேதான் தெரிந்தது. மூதாட்டிக்கு இன்னும் என்மேல் முழுச் சமாதானம் இல்லை. "அதையும் கொடுத்திருந்தா சீக்கிரமே எந்திரிச்சிருப்பான்" என்கிறார்.

பிரிட்டனில் 2011-இல் தொடங்கிய ஓர் இயக்கம், தோட்ட வேலிகளின் அடியில் முள்ளெலி நுழைய 13 சென்டிமீட்டர் அகலத்தில் வழிவிடுமாறு மக்களைக் கேட்டுவருகிறது. என் மதிற்சுவரிலும் அவ்வாறு ஒரு துளை இட்டேன். மூதாட்டியின் வீட்டுப் பக்கமாக இடவில்லை. தரிசுப் பக்கமாகவே இட்டிருக்கிறேன்.